காதுகுத்துக்குப் போன கார்

தாராபுரம் பக்கம் ஊத்துக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் யார் கையிலும் எதையாவது கொடுத்து, "சித்த இதைப் புடிச்சுட்டு இருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். என் சித்தப்பா ஒருமுறை சந்தையில் ஒருவரிடம் குடையைக் கொடுத்து அப்படிச் சொல்லிவிட்டு, மறந்துபோய் பஸ் ஏறி வந்துவிட்டார். அடுத்த வாரச் சந்தைக்குப் போனால், மனிதர் அதே இடத்தில் குடையோடு நிற்கிறார். பக்கத்தில் அவருடைய சம்சாரம் தூக்குப்போசியில் சோற்றோடு நிற்கிறார். "மழை வந்துச்சுங்க, ஆனா விரிக்கச் சொல்லலீங்களே" என்றாராம் அவர்.

இவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர். சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் சென்னியப்பன், நாச்சிமுத்து, பொங்கியண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரே தங்கை, தெய்வாத்தாள். மூவருக்கும் சேர்த்து ஒரே காரும் இருந்தது. கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் ஓட்டி ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட கார் அது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். "வண்டியே எல்லாம் பாத்துக்குது, நம்ம கூடப் போனாப் போதும்" என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூவரில் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தங்கையைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றைக்கு, அவள் அழுத அழுகையைப் பொறுக்காமல் சென்னியப்பன் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். "அழுவாத சாமி. உன்ற கொழந்தைக்குக் காது குத்தறப்ப இந்த அண்ணன் கார்லதான் வருவேன்."

இப்போது குழந்தைக்கு ஒரு வயது. இரண்டு ஊர் தள்ளியிருந்த கோயிலில் காது குத்தத் தேதியும் வைத்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் தெய்வாத்தாளின் வீட்டுக்காரர் மாணிக்கசாமிக்கு மச்சான்மார் பேரில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "நேரத்துக்கு வந்தா மாமன் மடி. வரலீன்னா என்ற அண்ணன் மடியில வெச்சுக் குத்திருவம்" என்று சொல்லிவிட்டார். தெய்வாத்தாள் போனில் அழுதாள். "அண்ணா, எனக்குப் பொறந்த ஊடு இருக்குதுன்னு நாலு பேரு பாக்கோணும்." சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து வண்டி கியர் மாறும்போதெல்லாம் குலுங்கத் தொடங்கியது. மெக்கானிக் துரைராசு அளவுக்குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "கியர் பெட்டியில எண்ணெய் கருகிப் போச்சுங்கண்ணா. மாத்தாம எங்கயும் எடுக்காதீங்க. பழனிக்கு நடந்து போறனுங்க, வந்து மாத்தித் தர்றேன்." புது எண்ணெய் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பாதயாத்திரை கிளம்பிவிட்டான். அவன் திரும்பி வருவதற்குள் காதுகுத்து முடிந்துவிடும்.

காதுகுத்துக்கு முதல் நாள் காலை சென்னியப்பன் அவனுக்குப் போன் போட்டார். துரைராசு நடந்துகொண்டே பொறுமையாகச் சொன்னான். "வண்டியைச் சமமான தரையில நிறுத்துங்க. கியர் பெட்டி சித்த சூடா இருக்கோணும், கை வெச்சாப் பொறுக்கற சூடு. அடித்தட்டைக் கழட்டி எண்ணெயை எறக்குங்க. எத்தனை எறங்குச்சோ அத்தனைதான் புதுசு ஊத்தோணும். ஒரு துளி கூடவும் ஆகாது, கொறையவும் ஆகாது. நெம்ப ஓடுன வண்டிங்கண்ணா, பழசு கொஞ்சம் உள்ளயே இருந்தாலும் பரவால்ல. ஊத்தீட்டுக் கூப்புடுங்க."

"தரை சமமா இருக்குதுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"தண்ணி எப்பவும் சமமாத்தான் நிக்கும்" என்றார் பொங்கியண்ணன்.

மூவரும் யோசித்தார்கள். ஊரில் தண்ணீர் நிற்கிற இடம் குட்டை ஒன்றுதான். காரை ஓட்டிக்கொண்டு போய்க் குட்டைக்குள் முழங்கால் தண்ணீரில் நிறுத்தினார்கள். சென்னியப்பன் நாலு பக்கமும் கண்ணை ஓட்டி, "ஒரு நூல் ஏத்த எறக்கம் இல்ல" என்று திருப்திப்பட்டார். ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போன பொங்கியண்ணன் சிறிது நேரத்தில் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக வெளியே வந்தார்.

"சமமாத்தாங்கண்ணா இருக்குது. மூச்சு உடறதுக்குத்தான் எடமில்ல."

எருமை குளிப்பாட்ட வந்தவர்கள் சேர்ந்து தள்ளி, வண்டியைச் சாணி மெழுகிய களத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குள் கியர் பெட்டி ஜில்லென்று ஆகிவிட்டது. சூடாக இருக்க வேண்டும் என்றல்லவா சொல்லியிருக்கிறான்? மாட்டு வைத்தியம் கொஞ்சம் தெரிந்த நாச்சிமுத்து வீட்டுக்கு ஓடித் தவிட்டை வறுத்து, துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பதமாக ஒத்தடம் கொடுத்தார்.

"பொறுக்குதா?" என்று கேட்டார் அண்ணன்.

"எனக்குப் பொறுக்குதுங்க. வண்டிக்கு எப்புடியோ தெரியல."

தட்டைக் கழற்றினார்கள். எண்ணெய் கன்னங்கரேலென்று பெரிய போசியில் இறங்கியது. மூவருக்கும் அப்படி ஒரு பெருமை. போசியை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டை மறுபடி மாட்டி முடுக்கினார்கள். அந்த நேரத்தில் நாச்சிமுத்துவின் வெள்ளாடு தவிட்டு வாசத்துக்கு வந்து, போசியை முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் முட்டிக் கவிழ்த்துவிட்டது. கறுப்பு எண்ணெய் பரவிக் களத்தில் வட்டமாக ஊறிப்போனது.

"போச்சு! எத்தனை எறங்குச்சுன்னு இனி எப்புடித் தெரியும்?" என்று சென்னியப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"போசியில ஒண்ணுமில்ல. அப்ப ஒண்ணுமே ஊத்தக் கூடாதுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"கூறு கெட்டவனே, எறங்குனது எறங்குனதுதான். அளவு எங்கயும் போகுல, மண்ணுலதான் இருக்குது" என்றார் நாச்சிமுத்து. துண்டை விரித்துக் கறுப்பு வட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தார். "பக்கத்துல புது எண்ணெயை ஊத்துவம். இதே மாதர வட்டம் எப்ப வருதோ, அதுதான் அளவு."

இதைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. படித்தவன் மாதிரி பேசுகிறானே தம்பி என்று நெகிழ்ந்துபோனார். டப்பாவைத் திறந்து மெள்ள மெள்ள ஊற்றினார்கள். புது எண்ணெய் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பாக இருந்தது. ஊற்றுவதும் துண்டை வைத்து அளப்பதுமாக, டப்பாவில் கடைசிச் சொட்டு விழுந்தபோது சிவப்பு வட்டமும் கறுப்பு வட்டமும் ஒன்றுபோல ஆகிவிட்டன.

"துளி கூடவும் இல்ல, துளி கொறையவும் இல்ல! துரைராசு கெட்டிக்காரன், அளந்துதான் குடுத்திருக்கறான்" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொங்கியண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏனுங்கண்ணா, இப்ப வண்டிக்குள்ள எதை ஊத்தறது?"

அண்ணன்மார் இருவரும் காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஆடு தவிடு மென்றுகொண்டிருந்தது.

சென்னியப்பன் நிதானமாகச் சொன்னார். "பழசு கொஞ்சம் உள்ள இருந்தாப் பரவால்லீன்னான். இருக்குது. எறங்குன அளவு புதுசு ஊத்தோணும்னான். ஊத்தியாச்சு. எங்க ஊத்தோணும்னு அவன் சொல்லுலியேப்பா."

தம்பிகள் இருவருக்கும் அது நியாயமாகவே பட்டது. உடனே துரைராசுவுக்குப் போன் போட்டார்கள்.

"ஊத்தீட்டீங்களாங்கண்ணா?"

"ஊத்தியாச்சப்பா. அளவு துளி பெசகுல."

"பரவால்லீங்களே! இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. பிரேக்கை நல்லா மிதிச்சுக்கோங்க. கியரை ஒவ்வொண்ணாப் போட்டுப் போட்டு எடுங்க. கடைசியா நியூட்ரல்ல உடுங்க. நான் சொல்ற வரைக்கும் பிரேக்குல இருந்து காலை எடுத்தராதீங்க."

அத்தோடு துரைராசுவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

சென்னியப்பன் எல்லா கியரையும் போட்டு எடுத்து நியூட்ரலில் விட்டார். பிரேக்கில் வைத்த கால் வைத்தபடி இருந்தது. மத்தியானச் சோறு ஜன்னல் வழியாக உள்ளே போனது. சாயங்காலக் காப்பியும் அப்படியே போனது. இன்ஜினை நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் பெட்ரோல் தீரும்வரை ஓடி அதுவாகவே நின்றது. விடிந்தபோது அண்ணன் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் கால் பிரேக்கில்தான் இருந்தது.

"அண்ணா, நேரமாச்சு. வண்டியை உட்டுட்டு பஸ்ஸுல போயிரலாமுங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

சென்னியப்பனின் கண் கலங்கிவிட்டது. "கார்ல வர்றன்னு சொல்லியிருக்கறன்டா. தங்கச்சி ரோட்டையே பாத்துட்டு நிக்கும்."

இதற்குமேல் என்ன பேச்சு? நாச்சிமுத்து தன் வண்டிமாடுகளை ஓட்டிவந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஒரு ஜோடி வந்தது. நாலு மாட்டையும் காருக்கு முன்னால் பூட்டி இழுத்தார்கள். சீர்த் தட்டுகள் பின் சீட்டில் ஏறின. பிரேக் மிதித்த வண்டி சும்மா வருமா? சக்கரம் சுற்றாமல் தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தது. மாடுகள் நாக்குத் தள்ளின. இரண்டு ஊர் தூரத்துக்கும் ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது. இப்போதும் யாராவது அந்தக் கோயிலுக்கு வழி கேட்டால், கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

அங்கே கோயிலில் நேரம் நெருங்கிவிட்டது. மாணிக்கசாமியின் அண்ணன் மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிவிட்டார். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். தெய்வாத்தாள் ரோட்டைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

"என்ற அண்ணன் கார்ல வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

"கார் அவரைக் கூட்டியாந்துச்சா, அவரு காரைக் கூட்டியாந்தாரா?" என்று மாணிக்கசாமி முணுமுணுத்தார்.

"மாமனை எறங்கி வரச் சொல்லுங்க" என்றார் ஆசாரி.

"காலை எடுக்கக் கூடாதுங்க. துரைராசு இன்னும் சொல்லுல" என்றார் சென்னியப்பன், சீட்டில் இருந்தபடியே.

கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழந்தையைத் தூக்கி வந்து காருக்குள் மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். அது ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு குஷியாக இருந்தது. ஆசாரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு வலது காதைக் குத்தினார். குழந்தை வீல் என்று அழுதது, மாமனும் கூடச் சேர்ந்து அழுதார். இடது காதுக்காக ஆசாரி சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பனின் போன் அடித்தது.

"அண்ணா, துரைராசு பேசறனுங்க. இப்பத்தான் சார்ஜ் போட்டேன். வண்டி நல்லா இருக்குதுங்களா? பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டீங்கல்ல?"

"நீ சொல்லாம எடுப்பனா?"

"அட ஆண்டவனே! எடுங்கண்ணா மொதல்ல!"

சென்னியப்பன் காலை எடுத்தார்.

காலையிலிருந்து மலையை இழுத்து, இன்னும் அவிழ்க்காமல் நின்ற மாடுகளுக்குத் திடீரென்று பாரம் பஞ்சாகிப் போனது. மேளக்காரரும் அந்த நேரம் பார்த்து ஓங்கி ஓர் அடி அடித்தார். நாலு மாடும் மிரண்டு, வந்த வழியே வீட்டைப் பார்த்துப் பாய்ந்தன. காரும், மாமனும், குழந்தையும், ஊசியோடு ஆசாரியும் கோட்டின் மேலேயே பறந்தார்கள். பின்னால் விருந்துக்கு வந்த சனம் மொத்தமும் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடிய நாச்சிமுத்து பொங்கியண்ணனைக் கட்டிப்பிடித்துக் கத்தினார்.

"பாத்தியா, ஒரு குலுக்கலாச்சும் இருக்குதா? புது எண்ணெய் புது எண்ணெய்தாண்டா!"

மாடுகள் ஊத்துக்காட்டுப்புதூர்க் களத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துதான் நின்றன. அங்கேயே, கறுப்பு வட்டத்துக்கும் சிவப்பு வட்டத்துக்கும் நடுவில், இடது காதையும் குத்தினார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த தெய்வாத்தாள் குழந்தையை வாங்கிக்கொண்டு, "ஏனுங்கண்ணா, அத்தனை வேகத்துல வந்தீங்களே, பிரேக்கை மிதிச்சிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சென்னியப்பன் எடுத்த காலை ஸ்டீரிங்குக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எடுக்கச் சொன்னான், எடுத்தேன் சாமி" என்றார். "எங்க வெக்கறதுன்னு இன்னும் சொல்லுல. சித்த அந்தப் போனை எடு."