நாலு மூலைக்கு மேலே

கழுதைக்குக் கொம்பு முளைத்திருந்த காலம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சரி, அதற்கும் கொஞ்சம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேங்கைநாட்டு அரண்மனை வாசலில் ஒருநாள் திடீரென்று ஒரு கல் அறை முளைத்தது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. கூரைமேல் கபாடன் என்ற மந்திரவாதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அறைக்கு எத்தனை மூலை, எத்தனை விளிம்பு என்று உள்ளே போய்ச் சொல்ல வேண்டுமாம். தப்பாகச் சொன்னால் கல்லாகிவிடுவார்களாம். மூன்று நாளுக்குள் விடை வராவிட்டால் ஊரே கல்லாம்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மந்திரி மீசையை முறுக்கினார். சுவர் அவரை லபக்கென்று விழுங்கியது. நாலு மூலை என்றார், கல்லானார். சேனாதிபதி போனார், நாலு மூலை என்றார், கல்லானார். காவலன் வீரணன் போனான், நாலு மூலை என்றான், அவனும் கல்லானான். வெளியே குரல் மட்டும் கேட்டது.

ஊரே குழம்பியது. அறை என்றால் நாலு மூலைதானே? பண்டிதர்கள் தரையில் கட்டம் போட்டுப் பார்த்தார்கள், நாலுதான் வந்தது. ஒருவர் மூன்று என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

வீரணனின் மனைவி குயிலாயி அரண்மனையில் ஒட்டடை அடிப்பவள். அவளுக்கும் நாலுக்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ஆனாலும் புருஷனை விட்டுவிட்டு வெளியே நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் யார் தடுத்தும் கேட்காமல், கையில் இருந்த ஒட்டடைக் கோலோடு சுவருக்குள் நுழைந்தாள்.

ஒரு மூலையில் வீரணன் கல்லாக நின்றான். முகமெல்லாம் அதற்குள் ஒட்டடை. அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே கோலால் மெல்லத் தட்டினாள். ஒட்டடை இழை அவன் தலையிலிருந்து மேலே மேலே போய்க் கூரையில் முடிந்தது. அங்கே இரண்டு சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இன்னொரு மூலை இருந்தது.

கீழே நாலு, மேலே நாலு. "எட்டு மூலை" என்றாள். கூரை லேசாக ஆடியது.

கூரைமேல் இருந்த கபாடன் குரலைத் தேனாக்கிக்கொண்டான். சுவர் நாலு, தரை ஒன்று, கூரை ஒன்று, ஆளுக்கு நாலு விளிம்பு, ஆக இருபத்துநாலு விளிம்புதானே என்றான்.

கேட்க எனக்கே தலை சுற்றுகிறது, அவளுக்குச் சுற்றாதா? அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். விளிம்பு விளிம்பாக ஒட்டடை அடித்தாள். ஒரு சுவரை முடித்து அடுத்த சுவருக்கு வந்தால், அதன் ஒரு விளிம்பு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கம் சேர்ந்தால் விளிம்பு ஒன்றுதான். இவன் எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறான்.

"பன்னிரண்டு விளிம்பு" என்றாள்.

மூலைக்கு மூலை மூன்று விளிம்பு வந்து முடிகிறதே, அப்படியானால் மூலைக்கு மூன்று புள்ளியா என்று அவன் கடைசியாக ஒரு தடவை குழப்பிப் பார்த்தான். குயிலாயி கோலின் நுனியை மூலையில் வைத்தாள். மூன்றும் அந்த நுனிக்கடியில் அடங்கிவிட்டன.

"ஒரே புள்ளி" என்றாள்.

சுவர்கள் விலகி வெளியே சாய்ந்தன. கூரையோடு கபாடனும் புகையாகிப் போனான். கல்லானவர்கள் கண் திறந்தார்கள். ராஜா மந்திரி பதவியையே அவளுக்குத் தருவதாகச் சொன்னார்; பக்கத்தில் நின்ற மந்திரிக்கு மறுபடி கல்லாகிவிடலாம் போலிருந்தது.

அவள் காதில் அது எதுவும் விழவில்லை.

"உனக்கு விடை முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான் வீரணன்.

"தெரியாதுங்க. நாலுன்னுதான் நானும் நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு உள்ள வந்தே?"

"நீங்க உள்ள இருந்தீங்களே."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க வீட்டுக்கு நடந்தான். அவர்கள் சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.