கர்ர்ர் டக்டக் பொட்டி

ஒரு ஊர்ல ஒரு பொட்டி இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, பொட்டிதான். ஈரோட்டுல, ஹவுசிங் போர்டு வீட்டுல, மூணாவது மாடியில. "ம்" சொல்லு பாப்பு. நீ சொன்னாத்தான் பொட்டி ஓடும்.

ம்.

அது கடையில வாங்கின கம்ப்யூட்டர் இல்ல. வான்மதின்னு காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற அக்கா, தன் கையாலயே சேத்துக் கட்டினது. கூடு ஒருத்தர்கிட்ட, உள்ள இருக்கற போர்டு இன்னொருத்தர்கிட்ட, சிடி போடற டிரைவ் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டர்லன்னு ஏழு மாசம் அலைஞ்சு பொறுக்கினா. முன்பக்கம் கறுப்பு, பக்கவாட்டுல வெள்ளை, சிடி டிரைவ் மட்டும் பழுப்பு. பாக்கத்தான் கோமாளி, ஆனா பூனை மாதிரி சத்தமில்லாம ஓடும். அவ காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தமும் அது வயித்துக்குள்ளதான்.

அப்புறம் என்னாச்சு, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில எட்டு மணிக்கு பட்டனை அமுக்கினா...

கர்ர்ர்ர்ர்! டக்டக்! கீஈஈஈ! கர்ர்ர்ர்ர்! டக்டக்!

பக்கத்து ரூம்ல யாரு தூங்கறா? அப்பா சென்னியப்பன். நூல் மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு அப்பத்தான் தலையைச் சாய்ச்சிருக்கார். கைலியை இழுத்துக் கட்டிக்கிட்டு வந்து நின்னார். அவர் குரல் எப்படி இருக்கும்னா, தண்ணி லாரி மேட்டுல ஏறுற மாதிரி இருக்கும்.

"ராத்திரி பூரா மில்லுல மெசின் சத்தம். ஊட்டுக்கு வந்தா இங்கயும் ஒரு மெசினா? இந்தா கண்ணு, ஞாயித்துக்கெழம பழைய இரும்பு ஆறுச்சாமி வருவான். அதுக்குள்ள சத்தம் நிக்கோணும். நிக்கலைன்னா பொட்டி அவன் வண்டியில. சொல்லிப்போட்டேன்!"

அன்னைக்கு வியாழன். நடுவுல ரெண்டே நாள். பாப்பு, கேக்கறியா?

ம்.

அப்போ கீழ்வீட்டு குப்புராசு மாமா வந்தார். அவர் தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டறவர். எதைப் பாத்தாலும் அவருக்கு மோட்டார்தான். ஸ்குரூ டிரைவர் முனையைப் பொட்டி மேல வச்சு, பிடியைக் காதுல வச்சுக்கிட்டார், டாக்டர் மாதிரி. மூக்காலதான் பேசுவார். "மூச்சை இழு பொட்டி... ம்ம்ம்... விடு... அம்மிணி, பேரிங் அவுட்டு! ஃபேன்தான் கத்துது." ஃபேனைக் கழட்டி, ஒரு தலையணை ரொம்பற அளவுக்குத் தூசி எடுத்து, சொட்டு எண்ணெய் விட்டு, மாட்டினார். பட்டனை அமுக்கினா...

கர்ர்ர்ர்ர்! டக்டக்!

உள்ளேர்ந்து அப்பா, "ஏஏஏய்ய்!"

மாமா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படியிறங்கிட்டார்.

அப்புறம் வெள்ளிக்கிழமை அம்மா தனபாக்கியம் வந்தாங்க. அம்மா மூச்சு விடாமப் பேசுவாங்க. "தகரம் அதிருது சாமி அதான் சத்தம் நம்ம கிரைண்டரும் இப்படித்தான் ஆடுச்சு மேல வெயிட்டு வச்சேன் கப்புனு அடங்கிருச்சு நவுரு நவுரு." வான்மதி நவுந்தா. அம்மிக் குழவியைத் தூக்கிப் பொட்டி தலையில படுக்க வச்சாங்க. பட்டனை அமுக்கினா...

கர்ர்ர்ர்ர்! டக்டக்! உருள்உருள்உருள்... தொம்!

குழவி விழுந்தது வான்மதி கால் பக்கத்துல. நூலிழையில தப்பிச்சா. உள்ளேர்ந்து அப்பா, "ஏஏஏஏஏய்ய்ய்!"

பாப்பு, சிரிக்காதே. தூங்கற கதை இது.

அப்புறம் சனிக்கிழமை. வான்மதி பொட்டி முன்னாடி சப்பணம் போட்டு உக்காந்து யோசிச்சா. 'பட்டனை அமுக்கினதும் கத்துது. கொஞ்ச நேரத்துல நின்னுடுது. அப்போ ஆரம்பத்துல மட்டும் எழுந்து சுத்தறது எது? ஒண்ணொண்ணா ஒயரைப் பிடுங்கிப் பாத்துட்டாத் தெரிஞ்சிடும்.'

ஃபேன் ஒயரைப் பிடுங்கி ஒரு நிமிஷம் ஓட்டினா. கர்ர்ர் டக்டக்! "ஏய்ய்!" அணைச்சுட்டு ஃபேனை மாட்டிட்டா. அடுத்து ஹார்ட் டிஸ்க் ஒயர். கர்ர்ர் டக்டக்! "ஏஏய்ய்!" அதையும் மாட்டிட்டா. மூணாவதா சிடி டிரைவ் ஒயரைப் பிடுங்கினா. பட்டனை அமுக்கினா...

உஸ்ஸ்ஸ்.

பூனை திரும்பி வந்துடுச்சு! அப்பாகூட உள்ளேர்ந்து, "என்ன, சத்தத்தையே காணோம்?"னு கேட்டார்.

திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அது சிடியைக் கடைசியாத் தின்னு நாலு மாசம் ஆச்சே, வாய்க்குள்ள என்ன இருக்கு? கிட்டப் போய் மூஞ்சியைப் பாத்தா, சின்ன சின்ன எறும்பு வரிசை கட்டி டிரைவோட உதட்டு வழியா உள்ள போகுது, வெளிய வருது. வெளிய வர்றது ஒவ்வொண்ணும் கல்யாண வீட்டுல சாப்பிட்டு வர்ற மாதிரி வருது.

"அம்மா, ஒரு ஊக்கு குடு!"

அம்மா வளையல்லேர்ந்து ஊக்கைக் கழட்டிக் கொடுத்தாங்க. டிரைவ் முன்னாடி குண்டூசி போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். கரன்ட் இல்லாதப்ப அதுக்குள்ள குத்தினா வாயைத் திறக்கும். குத்தினா. கிளிக்! மெதுவா நாக்கு வெளிய வந்துச்சு. நாக்கு மேல...

என்ன சொல்லு? சொல்லு!

பொரி. பொட்டுக்கடலை. நசுங்கின வெல்லத்துண்டு. நடுவுல ஒரு குங்குமப் பொட்டு!

அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "அட, ஆயுத பூசைக்கு நான் வச்சதுதான் சாமி. மிக்சிக்குப் பொட்டு வச்சேன், கிரைண்டருக்கு வச்சேன், இதைத் துணி போட்டுத் தொடைச்சேனா, தானா நாக்கை நீட்டுச்சு. சரி பாவம் பசிக்குதுன்னு நாலு பொரி வச்சேன். தொட்டதும் இழுத்துக்கிச்சு. மத்த எதுவும் சாப்பிடல, இது ஒண்ணுதான் சாப்பிட்டுச்சு!"

"அம்மா! அது தினமும் எழுந்து சுத்தப் பாத்திருக்கு, உன் கடலை உள்ள மாட்டி அரைபட்டிருக்கு!"

அப்புறம் வான்மதி பெயின்ட் பிரஷால கூட்டிப் பெருக்கி, எறும்பை எல்லாம் கூப்பிட்டு வழியனுப்பி, ஒயரை மாட்டினா. பட்டனை அமுக்கினா... உஸ்ஸ்ஸ். ஜெயிச்சாச்சு!

ம்.

இரு, ஜெயிக்கல. ஞாயித்துக்கிழமை காலையில, "பழைய இரும்பேய்ய்... பேப்பரேய்ய்..."னு ஆறுச்சாமி மூணு மாடி ஏறி வந்துட்டார். "அண்ணன் சொன்னாருங். சத்தம் போடற பொட்டி எங்கீங்?"

"சத்தம் நின்னுடுச்சுங்கண்ணா"ன்னு வான்மதி சொல்லி வாயை மூடல...

கர்ர்ர்ர்ர்! டக்டக்! கீஈஈஈ! கர்ர்ர்ர்ர்!

அம்மா தலையில கை வச்சுட்டாங்க. ஆறுச்சாமி கயிறை அவுத்தார். வான்மதிக்கு அழுகையே வந்துடுச்சு. அப்போ குனிஞ்சு பாத்தா, பொட்டியோட பிளக் தரையில கெடக்கு! கரன்ட்டே இல்ல!

ஆறுச்சாமி காதைத் தீட்டிக்கிட்டு, சத்தம் வந்த பக்கமா மெதுவா மெதுவா போனார். பக்கத்து ரூம் கதவைத் தள்ளினார். உள்ள அப்பா மல்லாக்கப் படுத்து, வாயைப் பொளந்துக்கிட்டு... கர்ர்ர்ர்ர்! டக்டக்! கீஈஈஈ!

"ஏனுங்க்கா, சத்தம் போடறது இதுதானுங். இதைத் தூக்கோணும்னா எனக்கு இன்னும் ரெண்டு ஆள் வேணுங்."

அப்பா துள்ளி எழுந்தார். தலைமாட்டுல கயிறோட ஆறுச்சாமி! "ஆருடா சத்தம் போட்டது? நான் தூங்கவே இல்லியே, கண்ணை மூடித்தான இருந்தேன்!"

ஆறுச்சாமி கயிறால அப்பாவோட நீளத்தை மட்டும் அளந்து பாத்தார். வான்மதி பிளக்கைக் கையில தூக்கிக் காட்டினா. அப்பா பிளக்கைப் பாத்தார், கயிறைப் பாத்தார், போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டார். உள்ளேர்ந்து குரல் மட்டும் வந்துச்சு: "பொட்டி இருந்துட்டுப் போகட்டும். ஆறுச்சாமிக்கு ஒரு டீயைக் குடுத்து அனுப்பு."

அதுக்கப்புறம் அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா பொட்டி வாயில பொரி வைக்கல. நல்லா யோசிச்சு, தூங்கிட்டிருந்த அப்பா வாயில நாலு வச்சாங்க. அவர் மென்னுட்டுத் தூங்கினார். சத்தம் மட்டும் நிக்கவே இல்ல.

பொட்டி அணைஞ்சுது, கதையும் அணைஞ்சுது, நீயும் கண்ணை அணை பாப்பு.

பாப்பு?

கர்ர்ர்... டக்... டக்...