பெருநாள் காலையில் ஆளில்லாத ஓடம்

முன்பொரு காலத்திலே, ஆற்றங்கரைத் துறைமுகம் ஒன்றை ஆண்ட சுல்தானுக்கு விபரீத ஆசை ஒன்று வந்தது. மலாய்க்காரர், தமிழர், சீனர் என்று குடிகள் விதவிதமாக இருப்பது அவர் கண்ணை உறுத்தியதாம். "வருகிற நோன்புப் பெருநாளுக்குள் அனைவரும் ஒன்றாக வேண்டும். ஒரே உடை, ஒரே பண்டிகை. வித்தியாசமே கூடாது" என்றார்.

அரண்மனை விகடன் சேகனா மேல் வெகுகாலமாகப் புகைந்துகொண்டிருந்த மந்திரி இத்ரீசு சும்மா இருப்பாரா? "இதற்குச் சேகனாதான் தகுந்தவன், சுல்தானே. தவறினால் குடும்பத்தோடு நாடு கடத்திக் கப்பலேற்றிவிடலாம்" என்று மாட்டிவிட்டார். சுல்தானும் தலையாட்டினார்.

சேகனாவின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்தக் கடலில் அலையவிடுவது? யோசித்து யோசித்து, கடைசியில் ஆணையை அப்படியே நிறைவேற்றினான்.

அந்த ஊரில் வழக்கம் ஒன்று உண்டு. பெருநாளன்று அக்கரைப் பள்ளிவாசலுக்குச் சுல்தானை அழைத்துப்போவது தமிழ் ஓடக்காரர்கள். கோட்டைக் காவல் சீனர்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அந்த வேலைகளை மலாய்க்காரர்கள் பார்ப்பார்கள்.

பெருநாள் காலையில் சுல்தான் துறைக்கு வந்தார். ஓடம் இருந்தது, ஆளில்லை. கோட்டை வாசலிலும் காவல் இல்லை. ஊரே வெள்ளை அங்கியில் கரையில் நின்று பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தது.

"ஓடக்காரர்கள் எங்கே?"

"இங்கேதான் நிற்கிறார்கள், சுல்தானே. இன்று அவர்களுக்கும் பெருநாள். பண்டிகை நாளில் யார் வேலை செய்வார்?" என்றான் சேகனா.

"தொழுகை தவறிவிடுமே!"

"வித்தியாசம் கூடாது என்பது தங்கள் ஆணை. ஓடக்காரனும் மந்திரியும் ஒன்றுதானே? மந்திரியார் துடுப்புப் போடட்டும்."

சுல்தான் ஏறிக்கொள்ள, இத்ரீசு துடுப்பைப் பிடித்தார். ஓடம் நின்ற இடத்திலேயே சுற்றியது. தலைப்பாகை ஆற்றோடு போயிற்று. சுல்தான் தொப்பலாக நனைந்தார். அவர் கோபித்தால் சேகனாவின் தலையே போய்விடும்.

சுல்தான் வாய்விட்டுச் சிரித்தார். "போதுமப்பா! ஆணை ரத்து. யாராவது அக்கரை சேர்த்துவிடுங்கள்!"

ஓடக்காரன் சடையன் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தான். "குந்துங்க ராசா, நேரமாச்சு. இதை மாட்டிக்கிட்டு நிக்கிறதுக்குள்ள மூச்சு முட்டிப்போச்சு!"

தொழுகை தவறவில்லை. சபைக்குத் திரும்பி வந்ததும், "என்ன பரிசு வேண்டும், சேகனா?" என்று கேட்டார் சுல்தான்.

"வீட்டில் கட்டிவைத்த மூட்டைகளை அவிழ்க்க உத்தரவு வேண்டும்."

சுல்தான் மறுபடி சிரித்து, தம் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டார். "தொட்டில் கட்டிக்கொள். உன் பிள்ளை இந்த ஊரில்தான் பிறக்க வேண்டும்."

எல்லோரையும் சிரிக்கவைக்கும் சேகனா, அன்று சபை நடுவே அழுதான்.