ராயர் மடியில் சுண்ணாம்புச் சட்டி

சொர்ர்ர்... சொர்ர்ர்ர்...

மணிகிரிக் கோட்டையின் வடக்கு மதிலுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வராத நாளே கிடையாது. ஒரு காலத்திலே அந்த நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். பட்டம் கட்டிய மூன்றாம் நாள், பாம்பு சீறுகிறதென்று கட்டில்மேல் ஏறி நின்றானாம். பாம்பில்லை. சுண்ணாம்பு நீற்றும் வேலைக்காரி ஓச்சாயி, சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கல் சீறும், பூக்கும், மாவாகும். கோட்டைச் சுவரெல்லாம் வெளுத்தது அந்த மாவில்தான்.

ஒரு நாள் சத்தம் நின்றுபோனது. காலை மழையில் சுண்ணாம்புக் கொட்டகை எரிந்து சாம்பலாகிவிட்டது.

மராமத்து அதிகாரி அனந்தராயர் ஓச்சாயியைச் சபைக்கு இழுத்துவந்தார். "மகாராசா, தீ வைத்தவள் இவள்தான். கூரை மாற்றவில்லையென்று என்மேல் கறுவிக்கொண்டிருந்தாள்."

"நான் வைக்கலை சாமி. கூரை ஒழுகுதுன்னு மூணு தடவை சொன்னேன். வந்த ஓடெல்லாம் ராயர் வீட்டுக் குதிரை லாயத்துமேலே ஏறிடுச்சு. மழைத்தண்ணி கல்லுமேலே விழுந்துதான் பத்திக்கிச்சு."

சபை குலுங்கிச் சிரித்தது. "தண்ணீர் தீ மூட்டுமாம்! நாளைக்கு நெருப்பை அள்ளிக் குடிக்கச் சொல்வாள்!" என்றார் ராயர்.

ராசா முன்கோபக்காரன். "தீ வைத்த கையைப் பொழுது சாய்வதற்குள் வெட்டுங்கள்!"

ஓச்சாயி கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்று வெடித்த கை. அதை விட்டால் அவளுக்குச் சோறு இல்லை. முந்தானை முடிச்சிலிருந்து சூளையில் சுட்ட கல் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வெட்டுங்க சாமி. அதுக்கு முன்னாலே ஒண்ணு. இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. இதைச் சட்டியிலே போட்டு ராயர் மடியிலே வைக்கிறேன், ஒரு செம்பு தண்ணி ஊத்துவோம். நூறு எண்ணுற வரைக்கும் அவர் சட்டியைக் கீழே இறக்காம இருந்தா, ரெண்டு கையையும் எடுத்துக்குங்க."

"இவ்வளவுதானா? வை!" ராயர் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

பத்து. இருபது. ராயர் மீசையை முறுக்கினார். "என்னடி, உன் கல்லு தூங்குதா?"

முப்பதில் சட்டிக்குள் ஒரு முனகல். பிறகு, ராசாவுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சீறல். ஆவி கிளம்பியது. நாற்பதில் ராயர் நெளிந்தார். ஐம்பதில், "ஐயோ, வேகுது! எடுடி, எடுத்துத் தொலை!" அவர் சட்டியை உதறிவிட்டுக் குதித்த குதிப்பில் தலைப்பாகை ராசாவின் காலடியில் போய் விழுந்தது.

"ஒரு கல்லுக்கே இப்படி. அங்கே நூறு மூட்டை, அடியிலே காஞ்ச வைக்கோல்" என்றாள் ஓச்சாயி.

"கல்லும் சில்லென்றிருந்தது, தண்ணீரும் சில்லென்றிருந்தது. சூடு எங்கேயம்மா ஒளிந்திருந்தது?" என்று கேட்டான் ராசா.

"மகாராசா மெல்லுற வெத்தலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. செவப்பை யாரு கொண்டாந்து வச்சா? ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாத்தான் சாமி தெரியும். கல்லு சூளையிலே காஞ்சு வருது, அதுக்குத் தாகம். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா பூக்கும். கவனிக்காம விட்டா எரிச்சிடும்."

ராசா படிக்கத்தில் துப்பிப் பார்த்தான். செக்கச்செவேலென்றிருந்தது.

"ராயரே, லாயத்து ஓடுகளை உம் தலையில் சுமந்துவந்து புதுக் கொட்டகைக்குப் போடும். ஓச்சாயி, உனக்கு என்ன வேண்டும்?"

"சுண்ணாம்புக் குழியிலே நின்னு வேலை செய்யிற எல்லாருக்கும் கையிலே தடவிக்க நல்லெண்ணெய் சாமி. ரொம்ப எரியுது."

வெட்டச் சொன்ன கையை ராசா அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அன்றே அரண்மனை உக்கிராணத்திலிருந்து எண்ணெய்க் குடம் போயிற்று. பிறகு மாதம் தவறாமல் போயிற்று.

சாயங்காலம் சூளையிலிருந்து புதுக் கல் வந்து இறங்கியது. ஓச்சாயி எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, முதல் கல்மேல் கொஞ்சமாகத் தெளித்தாள்.