லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

நெட்டியன்விளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கடல் அரை கிலோமீட்டர். காற்று திரும்பினால் அலைச் சத்தம் வகுப்புக்குள் கேட்கும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பிள்ளைகளுக்குக் கடலை வீடியோ காலில் காட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. படித்தவர்கள் எடுத்த முடிவு, நாம் என்ன சொல்ல.

கடிதத்தில் மூன்று கட்டளை. மீனவர் ஒருவர் வீடியோ காலில் பாடம் சொல்ல வேண்டும். அவரை விருந்தினருக்குரிய மரியாதையோடு வரவேற்க வேண்டும். பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதிகாரியும் அதே காலில் பார்ப்பார். பத்தொன்பது பிள்ளைகளும் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார். தலைமையாசிரியர் அம்பலவாணன் அசரவில்லை. கடிதத்தில் உள்ளபடியே செய்கிறவருக்கு என்ன பயம்?

மீனவர் சூசை, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா. பாடம் சொல்ல வேண்டிய அன்றைக்கும் மகளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

“சார், இங்கேயே நின்னு சொல்லிட்டுப் போயிரட்டுமா?”

“வீடியோ கால்னு போட்டிருக்கு. நீரு நேர்ல வந்தா எப்படிச் செல்லும்? கடற்கரைக்குப் போயி கூப்பிடும்.”

சூசை போய்க் கூப்பிட்டார். திரையில் முகம் வந்ததும் செண்பகவல்லி டீச்சர் லேப்டாப்புக்கு மாலை போட்டார், பன்னீர் தெளித்தார். திரைக்கு மேலே நடுவில் சின்னதாக ஒரு கண் இருந்தது. நெற்றி இதுதான் என்று அதில் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனத்தை அப்பினார்.

“பிள்ளைங்க எங்கய்யா?” என்றார் திரையின் மறுபாதியில் அதிகாரி. “ஒரே மஞ்சளா இருக்கு.”

பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றினார்கள். விளக்கைப் போட்டார்கள். தெரியவில்லை.

“எனக்கும் மஞ்சளாத்தான் தெரியுது, சார்” என்றார் சூசை.

“ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் காமாலையா, சார்?” என்று கேட்டார் டீச்சர்.

“அதிகாரிக்குக் காமாலைன்னு நாம எழுதிக் கொடுக்க முடியாது, டீச்சர். நாமதான் எப்படியாவது தெரியணும்.”

“கடற்கரையில சூசை பளிச்சுன்னு தெரியுதாரு. நாமளும் அங்க போயிட்டா?”

“அதைச் சொல்லுங்க.”

அரை மணி நேரம் தருவதாக அதிகாரி சொன்னார். பெஞ்சுகளோடு கிளம்பினார்கள். தலைமையாசிரியர் மாலை கலையாமல் லேப்டாப்பைச் சுமந்தார்.

கரையில் பெஞ்சு போட்டு, கடலுக்கு முதுகு காட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எதிரே லேப்டாப். பிள்ளைகளுக்கு நாலடி பின்னால் சூசை நின்று, கையில் நண்டோடு போனைப் பார்த்துப் பாடம் நடத்தினார். அப்பா குரல் கேட்டு மகள் திரும்பினாள்.

“அங்க என்னட்டி பார்வை?” என்று டீச்சர் திரையைக் காட்டினார். “கடல் இங்க இருக்கு.”

அப்போது பெரிய அலை ஒன்று வந்து தெறித்தது. சந்தனம் வழிந்து போனது.

அதிகாரி முகம் தெளிந்தது. விரல் விட்டு எண்ணினார். “பத்தொன்பது. சரி, மூடல. ஆனா வகுப்புக்குள்ள தண்ணி வருது. கூரையையும் காணோம். ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?”

“நீங்க கேக்கல, சார்” என்றார் அம்பலவாணன்.

அடுத்த வாரம் கூரை போடக் கொத்தனார்கள் வந்தார்கள். டீச்சர் அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், பெஞ்சு கிடந்த இடத்தைக் காட்டினார். அம்பலவாணன் பின்னாலேயே ஓடி வந்தார்.

“கடல் பக்கம் மட்டும் ஜன்னல் வச்சிராதீங்க” என்றார். “பிள்ளைங்க வேடிக்கை பாக்கும், பாடம் கெட்டுரும்.”