குழாயடி ப்ளக் பாயிண்ட்

புது வீட்டில் பால் காய்ச்சி முடிந்ததும், சாவியைக் கொடுத்துவிட்டு ஓடக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார் காண்ட்ராக்டர் சிங்காரம். அந்த வீட்டுச் சமையல்காரி பூவாத்தா விடவில்லை.

"ஏனுங்க, சிங்க் குழாயை ஒட்டியா மிக்ஸிக்குப் பாயிண்ட் வெப்பாங்க? தண்ணி தெறிச்சா ஷாக் அடிக்காதுங்களா?"

"கரண்டி பிடிக்கிறவளுக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்? அடிக்கும்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா வாயை மூடிட்டு அடுப்பைப் பாரு!"

பந்தியில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சட்னி எங்கே என்று ஆளாளுக்குச் சத்தம். வீட்டுக்காரர் நல்லமுத்து கையைப் பிசைந்தார்.

பூவாத்தா சட்டென்று குழைந்தாள். "எனக்கென்னங்க தெரியும்? நீங்க கட்டின வீடு. உங்க கையால மொதல் சட்னி அரைச்சாத்தான் ராசிங்க."

மிக்ஸி ஜாரைக் கழுவி, நீர் சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்தாள்.

சிங்காரம் ஈரத் தரையைப் பார்த்தார். ப்ளக்கைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்று வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது காலில் ரப்பர் செருப்பு.

பால் பொங்கிய அடுப்படியில் செருப்பா! பந்தியே எட்டிப் பார்த்தது.

பூவாத்தா கையை நீட்டினாள். "சாவியோட அந்தச் செருப்பையும் குடுத்துட்டுப் போங்க சாமி. தெனமும் இங்க நின்னு அரைக்கப்போறவ நானுங்க."