தாளில் இருந்த பொய்

பெரிய டாக்டர் மாசிலாமணி வந்தாலே பிரசவ வார்டு கப்சிப்பென்று ஆகிவிடும். அன்று எட்டுத் தாய்மார்களுக்கும் ஆளுக்கொரு கருத்தடைச் சம்மதத் தாளைக் கொடுத்தார்.

"காப்பர் டி வைக்கணும். கையெழுத்துப் போடுங்க. கேள்வி கேட்கக் கூடாது."

முந்தின நாள்தான் பிள்ளை பெற்றிருந்த மீன்காரி அந்தோணியம்மாள் எழுத்துக் கூட்டி, வார்டுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"'மருத்துவர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்.' ஐயா, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. உங்க பேர்ல நான் எப்படிப் பொய் சொல்ல?"

எட்டுக் கட்டிலிலும் சிரிப்பு பொங்கியது. எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். டாக்டர் முகம் சிவக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலிக்குமா, எத்தனை வருஷம் தாங்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாமா என்று கேள்விகள் பறந்தன. அத்தனைக்கும் பதில் சொன்னார். நான்கு பேர் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்.

"நீ?" என்றார் அந்தோணியம்மாளிடம்.

"எனக்கு வைங்க ஐயா. வலி எடுக்கறதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டேன். நீங்க கேட்கணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."